பிணி தீர்த்த அயலாரும் நன்றிக் கடனும்

ஒருவர் செய்த உதவியை அவர்தம் சமயத்தை நோக்கி அளத்தல் தகுமா, உதவியை மட்டும் நோக்கி அளத்தல் தகுமா என்னும் வினா நம்மனோர்க்குப் புதியதன்று. ஆயினும், அவ்வுதவி பிணி தீர்த்தலாகவும், அதனைச் செய்தவர் கடல் கடந்து வந்த பிற சமயத்தினராகவும், தம் சமயத்தைப் பரப்புதலும் தம் வரவின் நோக்கமென வெளிப்படக் கூறியவராகவும் இருப்பின், விடை காண்டல் எளிதன்று. அவரை மறத்தல் நன்றி கோறலாமோ? நினைந்து போற்றுதல் நம் சமயத்துக்கு இழுக்காமோ? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆராய்ச்சிக்கு ஓர் உண்மை வரலாற்றை முன்வைத்தல் நலம். 1822-ஆம் ஆண்டில் இருவர் பிறந்தனர். ஒருவர் யாழ்ப்பாணத்து நல்லூரில் தோன்றிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். மற்றவர் அமெரிக்க நாட்டு மசாசுசெட்ஸ் மாகாணத்து உஸ்டர் நகரில் தோன்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர். கிறீன் 1847-இல் அமெரிக்க மிஷனைச் சார்ந்த வைத்தியராய் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு, இடையே சில ஆண்டுகள் தாய்நாடு சென்று மீண்டதொழிய, 1873 வரையில் அங்கு நோயாளரைப் பேணி வந்தார்.

நோய் தீர்த்தலினும் அரியதொன்றையும் அவர் செய்தார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மாணாக்கர்க்கு முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1864 முதலாகத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடிப் பிறவிடஞ் செல்வர். தமிழிற் கற்றோரே தம் ஊரில் தங்கித் தம் மக்கட்குப் பயன்படுவர் என்பது அவர் கண்ட உண்மை. இதன்பொருட்டுத் தாமே தமிழ் பயின்றார். தமிழ் மாணாக்கர் துணைகொண்டு மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார். மகப்பேற்று மருத்துவம் பற்றிய நூல் 1857-இலும், இரண வைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதம் என்னும் உடற்கூற்று நூல் 1872-இலும், கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875-இலும் வெளிவந்தன. தாய்நாடு திரும்பிய பின்னரும் அங்கிருந்தே அப்பணியைத் தொடர்ந்து செய்து, 1884-இல் மறைந்தார். அவர்பாற் பயின்று வெளிப்போந்த மருத்துவர் 60-க்கு மேற்பட்டோர். தமிழர்க்கு மருத்துவச் சுவிசேஷகர் எனத் தம் கல்லறைமீது பொறிக்கப்பெறுதல் வேண்டுமென அவர் விரும்பினார். அத்தொடரில் மருத்துவமும் உண்டு. சமயம் பரப்புதலும் உண்டு. நம் வினா முழுதும் அத்தொடரினுள் அடங்கிக் கிடக்கின்றது.

தமிழ்நாட்டிலும் இத்தகையார் உளர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் முன்னர் மருத்துவம் புரிந்த ஜான் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர் ஆவர். ஆண் மருத்துவரை அழைத்தற்கு இசையாத மூன்று இல்லங்களில், ஓரிரவிலே, மகப்பேற்றால் மூன்று பெண்டிர் இறந்தமை கண்டு நெஞ்சுருகி, மருத்துவம் கற்று 1900-இல் மீண்டு வந்து, வேலூரில் மருத்துவமனையும், 1918-இல் பெண்டிர்க்கு மருத்துவப் பள்ளியும் அமைத்தவர் அவர். அப்பள்ளியே இன்று பெருங் கல்லூரியாய் நிற்கின்றது.

இனி, இவரை நினைத்தல் வேண்டா என்பார் கூறும் தடைகளை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

மருந்து தூண்டிலில் மாட்டிய இரை. மீன் இரைக்காகத் தூண்டிலுக்கு நன்றி கூறுமோ என்பது முதல் தடை. இதனுள் உண்மை இல்லாமலில்லை. நோயுற்றானது தளர்ச்சியைத் தன் சமயத்துக்கு வாயிலாக்கிக் கோடல் நேரிதன்று. யாவர் செய்யினும் நேரிதன்று. இதனை எடுத்துரைத்தற்கு நன்றியறிவு தடையாகாது. ஆயினும், மகப்பேற்றில் உயிர் பிழைத்த தாய்க்கும் அவள் மகவுக்கும் கிடைத்த வாழ்வு, பிழைப்பித்தவரது நோக்கத்தால் பொய்யாகி விடுமோ? ஆகாது. மேலும், தூண்டிலிடுவோன் மீனுக்குத் தூண்டில் செய்யக் கற்பிப்பதில்லை. கிறீனோ தம் வித்தை முழுவதையும் தமிழருக்குத் தமிழிலே ஒப்புவித்தார். நோயாளரைத் தம்பாற் கட்டி நிறுத்துதல் மட்டுமே கருதியிருப்பின், அதனை அவர் செய்திரார்.

சிவனை நோக்காது செய்யும் அறம் பசுபுண்ணியமே. அது நுகர்ந்து கழிவது. அதனைப் போற்றுதல் எற்றுக்கு என்பது இரண்டாம் தடை. பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என்னும் பாகுபாடு சாத்திரம் வகுத்ததே. அதனை யாம் மறுக்கின்றிலேம். ஆயின், அப்பாகுபாடு செய்வோன் அடையும் பயனைக் குறித்ததேயன்றிப் பெற்றோன் பட்ட கடனைக் குறித்ததன்று. அயலான் செய்த அறம் அவனை எந்நிலையில் உய்க்கும் என்பது அவனுக்கும் இறைவனுக்கும் இடையே உள்ளது. அவன் தந்த உயிரை வைத்துக்கொண்டு அவனது புண்ணியத்தை நிறுத்துப் பார்த்தல் நமக்குரிய தொழிலன்று. அன்றியும், எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் வந்து அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்பவன் அம்மையொரு பாகனாகிய சிவபெருமானே எனச் சிவஞான சித்தியார் தெளிவுறுத்துகின்றது. கயிலையை நாடிச் சென்று உடல் தேய்ந்த அப்பரடிகளை அவ்விறைவன் யாம் வாழும் இத்திருவையாற்றிலே எழுப்பி, களிறும் பிடியுமாய், சேவலும் பெடையுமாய் எதிர்ப்பட்ட உயிர்களிடத்தெல்லாம் சத்தியும் சிவமுமாகிய தன் திருவுருவைக் காட்டியருளினான். அக்காட்சியை நாள்தோறும் பேசும் நாம், நோயாளன் வாயில் மருந்து ஊட்டும் கையிடத்து அவன் திருவருள் நிகழவில்லை எனச் சாதித்தல் எங்ஙனம்?

பிறமதத்தார் மருத்துவத்தைப் புகழின், அவர் மதமும் மெய்யெனப் பேதையர் மயங்குவர் என்பது மூன்றாம் தடை. இதுவே உற்று நோக்கற்பாலது. பிணி தீர்ந்தமையைத் தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டினோர் உண்மையின். சூலை நோய் நீங்கிச் சைவம் சார்ந்த நாவுக்கரசர் வரலாற்றைச் சுட்டி, நீவிரும் அவ்வாறன்றோ கூறுகின்றீர் என வினவுவாரும் உளர். அற்றன்று. திருவதிகையில் நிகழ்ந்தது, முன்னமே தன்னடிமையாயினாரை இறைவன் தடுத்தாட்கொண்ட அருட்செயல். அது மருந்தின் திறம் காட்டியதன்று. மானிப்பாயில் நோய் தீர்த்ததோ உடற்கூறு அறிந்த கண்ணும், மருந்தின் அளவு அறிந்த கையும். அவ்வறிவு எச்சமயத்தானுக்கும் வசமாவது. கற்றவன் கையிலெல்லாம் ஒருபடித்தாய்ப் பயன்படுவது. ஆதலின் மருந்துக்கு நன்றி கூறுதல் மதத்துக்கு உடன்பாடு கூறுதலாகாது. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பின் பேதையர் மயங்கார். நன்மையை மறைத்து வைப்பின், பின்னொரு நாள் அறிந்து மயங்குவர்.

இன்னும், நம்மவர் பிறர்க்குச் செய்த உதவியை அவர் எவ்வாறு நினைத்தல் வேண்டுமென நாம் விரும்புவோம்? சீன நாடு யப்பானியப் படையெடுப்பால் நலிந்தபோது, 1938-இல் இந்தியாவினின்றும் மருத்துவர் ஐவர் அங்குச் சென்றனர். அவருள் சோலாப்பூரைச் சார்ந்த துவாரகநாத் கோட்னிஸ் என்பார், போர்க்களத்துக் காயமுற்றோரைப் பேணி, 1942-இல், தம் 32-ஆம் வயதில், அம்மண்ணிலேயே உயிர் நீத்தார். அவரைச் சீன மக்கள் இன்றும் நினைந்து போற்றுகின்றனர் என்று கேட்கும்போது நம் உள்ளம் குளிர்கின்றதன்றோ? அவ்வளவுகோலை நம்பாலும் வைத்தல் நடுவுநிலைமையாம்.

அற்றேல், நினைத்தல் எவ்வாறு? சிலை நாட்டுதலும் விழாவெடுத்தலும் எளிய. சைவ மரபு காட்டும் நெறி வேறு. திருவையாற்றுக்கு அணித்தாகிய திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், நாவுக்கரசரைக் காணுமுன்னரே, தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தல் முதலிய அறங்கட்கெல்லாம் அவர் திருப்பெயரையே இட்டனர். அருளாளரையும் மருத்துவரையும் ஒப்பிடுதல் நம் கருத்தன்று. நினைக்கும் முறையையே ஈண்டு எடுத்துக் கொண்டாம். ஒருவரை நினைத்தலாவது, வழிப்போக்கன் நீர்வேட்கை தணியுமாறு தானும் ஒரு பந்தல் இடுதல்.

நாவலர் பெருமான் ஒழுகிய வாறும் இதற்கு மாறன்று. மிஷனாரிகளின் பள்ளியிற் கற்று, அவர்தம் கொள்கையை அஞ்சாது மறுத்தவர் அவர். ஆயினும் அவர்பாற் கண்ட பள்ளியும் அச்சும் பிரசங்கமும் ஆகிய முறைகளை வெறுத்தாரல்லர். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை கண்டார், அச்சியந்திரம் நிறுவினார், பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். நமது திருவாவடுதுறை ஆதீனம் 1849-இல் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தமை இக்காவிரி நாட்டார் அறிந்ததே. நல்ல முறையை எவரிடத்தும் கொள்க, கொண்டு நம் நெறியில் நின்று செய்க என்பதே அவர் வாழ்க்கை தரும் விடை.

மருத்துவத் துறையில் அவ்விடையை நாம் நிறைவேற்றினோமா? பிணியாளரைப் பேணுதல் நமக்கு அயலார் கற்பித்த அறமன்று. தஞ்சையிற் சுந்தரசோழ விண்ணகரத்து ஆதுலசாலைக்குக் குந்தவைப் பிராட்டியார் கொடையளித்தார். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 15 படுக்கைகளோடு, மருத்துவனும் அறுவை செய்வோனும் பணிப்பெண்டிரும் அமர்ந்த ஆதுலசாலையைக் கூறுகின்றது. அவ்வறம் இடையில் நம் கையினின்றும் நழுவியது. அயலார் வந்து எடுத்தனர். அவர் எடுத்தமைக்கு நாணுதல் வேண்டா. நாம் நழுவவிட்டமைக்கு நாணுதல் தகும். கிறீன் சென்றபின், தமிழிற் கற்பித்த மருத்துவக் கல்வியும் நெடுநாள் நிலைக்கவில்லை. அவர்தம் நூல்களைத் தமிழர் பெரும்பாலும் மறந்தனர். இன்றும் தமிழ்நாட்டில் மேனாட்டு மருத்துவப் பட்டப் படிப்பு ஆங்கிலத்திலேயே நடக்கின்றது. மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை நிற்கின்றது. ஆயின், அவர் தமிழுக்குச் செய்ததைத் தமிழர் தொடராதவரை அந்நினைவு குறைநினைவே.

ஆதலின், ஆதீனங்களும் அறநிலையங்களும் தம் வருவாயில் ஒரு பகுதியை ஏழை நோயாளர்க்கு ஒதுக்குதலும், பழைய மருத்துவ நூல்களைப் போற்றிப் பதிப்பித்தலும், கற்ற மருத்துவர் தம் கலையைத் தமிழில் எழுதுதலும், அவ்வயலார்க்கு நாம் செலுத்தற்குரிய நன்றிக் கடனாம். அவர்தம் கொள்கையை நாம் ஏற்றல் வேண்டா. அவர்தம் கையிருந்த பணியை ஏற்றல் வேண்டும். அங்ஙனம் ஏற்குநாள், நன்றியும் நிலைபெறும். நம் நெறியும் விளங்கும். திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்.