மில்டனைப் படிக்க மதம் மாற வேண்டுமா?

பட்டிப்பொல ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு நிலையம் இல்லை. ஹோர்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் பலர் இங்கே இறங்குவார்கள். அந்தச் சமவெளிக்குப் பெயர் தந்த ரொபர்ட் வில்மட் ஹோர்டன் 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநர். கவிஞர் பைரனுக்கு அத்தை மகன். அவருடைய மனைவி ஆன், 1814இல் லண்டன் விருந்தொன்றுக்குக் கறுப்புத் துக்க உடையில் வந்திருந்தார். அதைக் கண்ட பைரன் எழுதிய கவிதை இன்றும் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் முதலில் கற்பிக்கப்படுகிறவற்றுள் ஒன்று.

அக்கவிதை 1815இல் வந்த 'எபிரேய கீதங்கள்' தொகுதியில் இருக்கிறது. யூத இசைஞர் ஐசக் நேதனின் மெட்டுகளுக்காக எழுதிய பாடல்கள் அவை. சவுல், யெப்தாவின் மகள், ஒரே இரவில் அழிந்த சனகெரிப்பின் படை என்று பக்கத்துக்குப் பக்கம் பழைய ஏற்பாடு. மதப்பற்று இல்லாதவர் என்று ஊரார் ஏசிய பைரனே இப்படியென்றால், மற்றவர்களைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, உயர்தரம் முடித்துப் பேராதனையிலோ வேறெங்கோ ஆங்கில இலக்கியம் படிக்கப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் நூல் எதுவென்றால், தயங்காமல் வேதாகமம் என்று சொல்லலாம். ஆதியாகமம், யோபு, சங்கீதங்கள், நான்கு சுவிசேஷங்கள், வெளிப்படுத்தின விசேஷம் போதும். மில்டனின் 'இழந்த சொர்க்கம்' (1667) ஆதியாகமத்தின் முதல் மூன்று அத்தியாயங்களிலிருந்து எழுந்தது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில் வரும் உயிர் அந்த மில்டனைப் படித்துவிட்டுத்தான் தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்கிறது.

இதில் வீட்டாருக்குத் தயக்கம் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் நெடுங்காலம் ஆங்கிலக் கல்வியும் மதப் பிரசாரமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. பிறர் வேதத்துக்குள் போனால் தன் சாமி என்னாகும் என்பது நேர்மையான கேள்வி.

கவிஞர் டி.எஸ். எலியட் இந்தக் கேள்வியை எதிர்த்திசையிலிருந்து சந்தித்தவர். ஹார்வர்டில் சமஸ்கிருதமும் இந்தியத் தத்துவமும் படித்தார். 1922இல் வந்த தமது நெடுங்கவிதையை உபநிடதச் சொற்களோடு முடித்தார். ஆனால் 1934இல் வெளியிட்ட நூலில், அந்தச் சிந்தனைக்குள் முழுதாகப் புக வேண்டுமானால் ஐரோப்பியராகவும் அமெரிக்கராகவும் சிந்திப்பதை மறக்க வேண்டியிருக்கும் என்று பின்வாங்கினார்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பின்வாங்கவில்லை. பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தார். அந்தப் பெயர்ப்பு 1850இல் அச்சேறியது. அதற்கு முன்பே, 1848இல், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதியபோது, பழைய ஏற்பாட்டு வழிபாட்டு முறைகளையே எடுத்துக்காட்டிச் சைவத்துக்காக வாதாடினார். அதே நூற்றாண்டில் நெல்லைச் சீமையின் வைணவரான கிருஷ்ண பிள்ளை 1858இல் கிறிஸ்தவரானார். ஆங்கில எழுத்தாளர் பனியனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) பாடினார். அகலிகை வெண்பா பாடிய வெள்ளக்கால் சுப்பிரமணிய முதலியார் மில்டனைத் தமிழில் 'சுவர்க்க நீக்கம்' ஆக்கினார். ஒரே வேதத்தின் கதைகள் மூவரையும் மூன்று வழியில் கொண்டுபோயின. மூவரும் ஆழ்ந்து படித்தவர்கள். எந்த வழி என்பதைப் படித்தவர்தான் தீர்மானித்தார், நூல் தீர்மானிக்கவில்லை.

மலையகத்துப் பிள்ளை இந்தப் படிப்புக்கு வெறுங்கையோடு போவதுமில்லை. மாசியில் காமன் கூத்து பார்த்து வளர்ந்தவளுக்குச் சிவன் எரிப்பதும் ரதி கதறுவதும் மன்மதன் மீள்வதும் தெரியும். தெய்வத்தின் கோபம் நியாயமா என்ற கேள்வியை லயத்து முற்றத்திலேயே அவள் கேட்டிருப்பாள். யோபுவும் மில்டனும் கேட்பது அதற்கு வெகு அருகில் இருக்கிறது. விடையில்தான் பெரிய வேறுபாடு. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை அநாதி என்கிறது. உயிரைப் பற்றியிருக்கும் இருளுக்குத் தொடக்கமே இல்லை. மில்டனின் உலகில் மனிதனின் வீழ்ச்சிக்கு ஒரு நாள் உண்டு, ஒரு மரம் உண்டு, கனியைப் பறித்த கையும் உண்டு. முன்னதில் மனிதன் இருளிலிருந்து மெல்ல மெல்ல விடுபடுகிறான். பின்னதில் இருந்த ஒளியை இழந்து நிற்கிறான். ஆங்கிலக் காப்பியத்தின் ஆழ்ந்த துயரம் இங்கிருந்து வருகிறது. சித்தாந்தம் தெரிந்த வாசகிக்கு இந்த வேறுபாடு பளிச்சென்று படும். அதை வகுப்பில் எழுந்து சொல்லும் உரிமையும் அவளுக்கு உண்டு.

பல்கலைக்கழகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆதியாகமத்தின் முதல் மூன்று அத்தியாயங்களை இன்று மாலையே தமிழில் படியுங்கள். நாளை அவற்றையே 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பில் படியுங்கள். பிறகு மில்டனின் ஒன்பதாம் காண்டத்தைத் திறவுங்கள். ஏவாள் கனியைப் பறிப்பது அங்கேதான்.