அரங்கேற்றம் என்னும் சொல்

பொருளை விற்கலாம், பொருளைக் குறிக்கும் சொல்லை விற்கலாமா? பட்டுத் தறிகளும் கோயில்களும் நிறைந்த சின்ன காஞ்சிபுரத்தில் வாழும் நாம் இவ்வினாவை எழுப்புவது பொருத்தமே. தறிக்கும் ஆடலரங்கிற்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு, அது 'கோர்வை'. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக, மூன்று நாடாக்களால் இணைத்து நெய்வது சேலையின் கோர்வை. அடவுகளைத் தாளத்திற்கு இசையத் தொடுப்பது ஆடலின் கோர்வை. இரண்டிலும் சொல்லுக்குப் பின்னே உழைப்பு நிற்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்னும் பெயருக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரை மட்டும் ஒட்டி வேறு துணியை விற்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆடற்கலையின் சொற்களுக்கு அத்தகைய காவல் இல்லை.

'அரங்கேற்றம்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என ஒரு காதையே அமைத்தார். மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடுகிறாள். ஆடலாசான், இசையாசான், தண்ணுமையோன், குழலோன், யாழாசான் ஆகியோர் பெற்றிருக்க வேண்டிய புலமையும் அங்கே விரிவாகக் கூறப்படுகிறது. மன்னன் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் அளிக்கிறான். உழைப்புக்குக் கிடைத்த அச்சிறப்பில் குறையொன்றும் இல்லை. அடுத்து நிகழ்வதே சிந்திக்கத்தக்கது. அதே 1008 கழஞ்சு விலையில் ஒரு மாலையைக் கூனி நகரத் தெருவில் விற்க நிற்கிறாள். வாங்குபவன் மாதவிக்கு மணமகன். கோவலன் வாங்குகிறான். கலையின் தகுதியை அளந்த எண், ஒரு பெண்ணின் விலையாக மாறிவிட்டது.

சென்ற நூற்றாண்டிலும் இத்தகைய மாற்றம் ஒன்று நேர்ந்தது. கந்தப்பப் பிள்ளையிடம் பயின்ற பாலசரசுவதி, 1925இல் சிறுமியாக இருக்கும்போதே காஞ்சியில் அம்மன் கோயிலில் முதன்முதலாக ஆடினார். அன்று அக்கலைக்குச் சதிர் என்று பெயர். 1932இல் சென்னை மியூசிக் அகாடமி பரதநாட்டியம் என்னும் பெயரை முன்னிறுத்தியது. 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஒரு குழந்தையின் வாழ்வை அவள் அறியாமலே பிறர் முடிவு செய்வது இம்சையே. அவ்வழக்கம் ஒழிந்தது நன்று. ஆயினும் புதிய பெயர் மதிப்புப் பெற்றபோது, கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் பலர் அரங்கிலிருந்து மறைந்தனர். கல்வெட்டுகளில் மதிப்புடன் பொறிக்கப்பட்ட 'தேவரடியார்' என்னும் சொல் வசையாகத் திரிந்தது. ஒரு சொல்லின் விலை ஏறியது. மற்றொன்றின் மதிப்பு வீழ்ந்தது. இரண்டின் பின்னும் இருந்த உழைப்பு ஒன்றே.

இன்று மண்டபம், ஒப்பனை, உடை, ஒளிப்படம் யாவும் சேர்த்து ஒரே கட்டணத்தில் அரங்கேற்றம் விலை பேசப்படுவதைக் காண்கிறோம். கலைஞர் பிழைக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். நட்டுவனாருக்கும் பாடுவோருக்கும் உரிய ஊதியம் தருவது அறமே. வணிகத்தை நம் அறநூல்கள் விலக்கவில்லை. வணிகத்தில் பொய்யை விலக்குகின்றன. களவாமை விரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று பிரதிரூபக வியவகாரம். ஒன்றைக் காட்டி அதைப் போன்ற வேறொன்றை விற்பது என்பது அதன் பொருள். பயிற்சி முற்றாத ஆடலுக்கு அரங்கேற்றம் என்று பெயரிடுவதும் அதன்பாற்படும். இங்கே ஏமாறுபவர் அவையோர் மட்டுமல்லர். தான் கற்று முடித்துவிட்டதாக நம்பும் அச்சிறுமியே முதலில் ஏமாறுகிறாள்.

பொருளறியாமல் ஒப்பித்த பாடம் தேர்வு முடிந்ததும் மறைவதை வகுப்பறையில் கண்டவர் நாம். ஆதலின் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். மூன்று உருப்படிகள் கற்ற குழந்தை ஆடட்டும்; மனமாரப் பாராட்டுவோம். அழைப்பிதழில் 'நடன நிகழ்ச்சி' என்று அச்சிடுவோம். அவள் அபிநயிக்கும் பதத்தின் பொருளை அவள் வாயாலேயே கேட்போம். ஆசானின் பெயரோடு அவருடைய ஆசானின் பெயரையும் குறிப்போம். அரங்கேற்றம் என்னும் சொல் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். அவள் அதற்கு உரியவளாகி வரும்போது அது பொருளோடு அவளை வரவேற்கும்.