திருவுளச்சீட்டும் தேவசித்தமும்

கேள்வி: சங்கைக்குரிய சுவாமி, நான் பள்ளிக்கூட ஆசிரியை. பஹ்ரைனில் இருக்கும் என் அண்ணன் அங்குள்ள ஒரு பள்ளியில் எனக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறான். இங்கே வாங்குவதைப்போல் நாலு மடங்கு சம்பளம். வீட்டுக் கடன் தீர்ந்துவிடும். அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாய் இருக்கிறார். அம்மா "போய்விட்டு வா" என்றுதான் சொல்கிறாள். சொல்லும்போதே அவள் கண் கலங்குகிறது. நவநாள் முடித்து, மாதா சுரூபத்துக்கு முன் திருவுளச்சீட்டுப் போட்டேன். முதலில் 'போ' என்று வந்தது. மனம் கேட்கவில்லை. மறுநாள் போட்டேன், 'இரு' என்று வந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் 'போ'. நான் எதை ஏற்றுக்கொள்வது?
— ஓர் ஆசிரியை, தூத்துக்குடி

பதில்: மகளே, இரண்டாவது சீட்டை ஏன் போட்டாய் என்பதிலிருந்தே தொடங்குவோம். முதற்சீட்டு ஆண்டவர் அளித்த விடைதான் என்று நீ மெய்யாகவே நம்பியிருந்தாயானால், மறுநாள் அதே சுரூபத்தின் முன் அதே கேள்வியைக் கொண்டுபோய் வைக்க உன் கை எழுந்திராது. 'போ' என்ற எழுத்தை வாசித்த அந்தக் கணத்தில் உன் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது? அப்பாவின் முகம் வந்து நின்றதா, அந்நிய தேசத்தைப் பற்றிய அச்சமா, ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சமா, அல்லது பேர் சொல்லத் தெரியாத ஒரு துக்கமா? "மனம் கேட்கவில்லை" என்று இரண்டே வார்த்தையில் அதைத் தாண்டிப் போய்விட்டாய். மூன்று சீட்டுகளையும் காட்டிலும் எனக்கு வேண்டியது அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் இருப்பதுதான்.

யூதாசின் ஸ்தானத்துக்கு மத்தியாசைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர்களே சீட்டுப் போடவில்லையா என்று கேட்பாய், பலரும் கேட்கிறார்கள். போட்டது உண்மை. ஆனால் தகுதியுள்ள இருவரைத் தங்கள் புத்தியினால் ஆராய்ந்து நிறுத்திய பிற்பாடே அவர்கள் சீட்டில் கை வைத்தார்கள் என்பதையும், அது பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முன் நடந்த காரியம் என்பதையும், பரிசுத்த ஆவி இறங்கிய பின் அதைவிடப் பெரிய விவகாரங்கள் திருச்சபையில் எழுந்தபோதெல்லாம் அவர்கள் கூடிப் பேசியும் ஜெபித்தும் உபவாசம் இருந்தும் முடிவு செய்தார்களேயன்றி மறுபடி சீட்டை நாடியதாக நடபடியாகமத்தில் செய்தி இல்லை என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

சேசு சபையை நிறுவிய அர்ச்சியசிஷ்ட இஞ்ஞாசியாரும் ஒருமுறை சீட்டுக்கு ஒப்பான காரியம் ஒன்றைச் செய்திருக்கிறார்; முதிர்ந்த வயதில் தம் சரித்திரத்தைச் சபைக் குருவான கொன்சால்வெஸ் தா கமாராவிடம் சொல்லி எழுதுவித்தபோது அவர் அதை மறைக்கவுமில்லை. மோன்ட்செராட் மலைக்குப் போகும் வழியில் ஒரு முகமதியர் அவருடன் கூடப் பயணம் செய்தார். தேவமாதாவின் கன்னிமையைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம் மூண்டது. அவர் முன்னே போன பிறகு, மாதாவின் மானத்தைக் காக்காமல் விட்டோமே, பின்தொடர்ந்து போய்க் கத்தியால் குத்திவிடலாமா என்ற ஆவேசம் இவரைப் பிடித்துக்கொண்டது. முடிவுக்கு வர மாட்டாமல், தாம் ஏறியிருந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்தி, அது அந்த முகமதியர் போன ஊருக்குள் திரும்பினால் குத்துவது, ராஜபாட்டையில் போனால் விட்டுவிடுவது என்று தீர்மானித்தார். ஊர் முப்பது நாற்பது காலடி தூரத்தில்தான் இருந்தது. அதற்குப் போகும் வழியும் அகலமானது. ஆயினும் அந்த வாயில்லாப் பிராணி ராஜபாட்டையிலேயே போயிற்று. சர்வேசுரனின் கிருபை அந்தக் கழுதையையும் உபயோகித்துக்கொண்டது என்று சொல்வேன். ஆனால் பிற்காலத்தில் அவர் இயற்றி, 1548-இல் மூன்றாம் சின்னப்பர் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற ஞான அப்பியாச நூலில், தேவசித்தத்தை அறியும் மார்க்கங்களை அத்தனை நுட்பமாக வகுத்தவர், கடிவாளத்தைத் தளர்த்திவிடும் மார்க்கத்தை அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கவில்லை.

அவர் சேர்த்த மார்க்கத்தை நோய்ப்படுக்கையில் கற்றார். 1521 மே மாதத்தில் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, லொயோலாவிலுள்ள பூர்வீக மாளிகைக்குச் சுமந்து வரப்பட்டவர், எலும்பு துருத்திக்கொண்டு கூடியதால் அரசவைக்கேற்ற காலணி அணிய முடியாதே என்ற ஒரே காரணத்துக்காக அதை அறுத்து எடுக்கச் சொல்லி அந்த வேதனையைத் தாங்கிய அளவுக்கு உலகாசை மிகுந்த வீரர். பொழுது போக வீரகாவியங்கள் கேட்டார், வீட்டில் இல்லை, கிறிஸ்துநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டர்களின் சரித்திரமுமே கிடைத்தன. ஒரு வேளை, தாம் சேவிக்க விரும்பிய ஒரு சீமாட்டியின் முன் எப்படிப் பேசுவது, என்ன பராக்கிரமம் காட்டுவது என்று மூன்று நான்கு மணி நேரம் நினைவிலே திளைப்பார். மற்றொரு வேளை, எருசலேமுக்கு வெறுங்காலுடன் நடந்து போய்ப் பச்சிலை தின்று தவம் செய்வதாக நினைப்பார். நினைக்கும்போது இரண்டும் இனித்தன. நினைவு கலைந்த பின் முன்னது நெஞ்சை வறட்சியாக்கி விட்டுப் போயிற்று. பின்னதோ, போன பிறகும் ஆனந்தத்தை நிறுத்தி வைத்தது. வெகுநாள் கழித்தே இந்த வித்தியாசம் அவர் கண்ணில் பட்டது. பட்ட அன்று தொடங்கியதுதான், தன் உள்ளத்தின் சலனங்களைப் பகுத்தறியும் அந்த வித்தை.

ஆகவே உனக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு வாரம், பஹ்ரைனுக்குப் போவதென்று முடிவாகிவிட்டதாகவே வைத்துக்கொண்டு நடமாடு; யாரிடமும் சொல்லாதே; எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாதே. மறுவாரம், இருந்துவிடுவதென்று முடிவாகிவிட்டதாக வைத்துக்கொள். இரவில் ஆத்தும சோதனை செய்கிற வேளையில், பாவங்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், அன்று அந்த முடிவை நினைக்கும்தோறும் உள்ளம் எப்படி இருந்தது, நினைத்து அரைமணி சென்ற பின் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வை. சந்தோஷமாயிருப்பதையே ஞானாறுதல் என்று மயங்கிவிடாதே. தின்னும்போது துவர்த்துப் பின் தண்ணீர் குடிக்கையில் இனிக்கும் நெல்லிக்கனியைப் போல, தெய்வம் விரும்புகிற காரியம் முதலில் அழவைக்கவும் கூடும். பாரம் இறங்கிவிட்டதே என்ற உல்லாசம் விடிவதற்குள் கசந்துபோகவும் கூடும்.

இன்னொன்று: உன்னைப்போன்ற பக்தியுள்ள ஆத்துமாக்களுக்குச் சோதனை பெரும்பாலும் பக்தி வேஷத்திலேயே வரும். பார்சலோனாவில் முப்பது வயதுக்கு மேல் இஞ்ஞாசியார் லத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தபோது, மனப்பாடம் செய்யத் தொடங்கியவுடன் அற்புதமான ஞான எண்ணங்கள் பெருகி வந்தன. பூசையிலும் ஜெபத்திலும் வராத இவை பாடம் படிக்கும்போது மட்டும் வருவானேன் என்று யோசித்து, இது சோதனையே என்று அவர் கண்டுகொண்டார். "அப்பாவுக்காக என்னையே தியாகம் செய்துவிடுகிறேன்" என்ற எண்ணமும், "குடும்பத்தைக் கரையேற்ற நான் ஒருத்திதான் இருக்கிறேன்" என்ற எண்ணமும் பார்வைக்குப் புண்ணியமானவையே. இரண்டையும் அது போலவே விசாரித்துப் பார்.

இத்தனைக்கும் அடியில் ஒரு நிபந்தனை உண்டு, அது கடினமானது. எந்தப் பக்கம் விடை வந்தாலும் ஏற்கச் சித்தமாயிருக்கும் சமநிலையை முதலில் கேட்டு ஜெபிக்க வேண்டும். ஆரோக்கியமோ நோயோ, செல்வமோ தரித்திரமோ, மேன்மையோ அவமானமோ, ஒன்றன்மேல் ஒன்றை முன்கூட்டி நாடாத நிலை என்று அப்பியாச நூலின் வாசலிலேயே இஞ்ஞாசியார் இதை நிறுத்தியிருக்கிறார். உங்கள் கடற்கரைக்கு 1542-இல் வந்த அர்ச்சியசிஷ்ட சவேரியார், இந்தியாவுக்கென்று முதலில் தெரிந்துகொள்ளப்பட்டவர் அல்லர். போபதில்லா என்ற தோழர் புறப்படும் தறுவாயில் நோயில் விழுந்ததால், அவருக்குப் பதிலாக இவர் அனுப்பப்பட்டார். சொன்ன மறுநாளே ரோமாபுரியை விட்டுக் கிளம்பிவிட்டார் என்றால், அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அவர் தம் விருப்பத்தின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்!

உள்ளம் அசைவின்றி இருந்து ஒன்றுமே புலப்படாவிட்டாலும் கலங்காதே. அப்போது புத்தியை உபயோகிக்க வேண்டும் என்பதும் அவர் விதியே: போவதற்கான நியாயங்களையும் இருப்பதற்கான நியாயங்களையும் தனித்தனியே எழுது, முன்பின் அறியாத ஒருத்தி இதே நிலையில் உன்னிடம் வந்தால் என்ன யோசனை சொல்வாய் என்று பார், மரணப் படுக்கையில் கிடந்து இந்த நாளைத் திரும்பிப் பார்க்கையில் எதைச் செய்திருக்க விரும்புவாய் என்று பார். 1539-இல் அவரும் அவருடைய தோழர்களும் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்கி அவருக்குக் கீழ்ப்படிவதா என்று ஆராய்ந்தபோது, பாதகமான நியாயங்களை ஒரு நாளும் சாதகமானவற்றை மறுநாளும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரையொருவர் வசப்படுத்தப் பேசக்கூடாது என்றும் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். உன் வீட்டிலும் அண்ணன் ஒரு நாள் பேசட்டும், அம்மா ஒரு நாள் பேசட்டும். பேச முடிந்தால் அப்பாவையும் கேள், படுக்கையில் கிடப்பவரை யாரும் கேட்பதில்லை. அந்தப் பள்ளியின் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, எப்போது விடுமுறை, இடையில் திரும்பி வரலாமா என்பதையெல்லாம் வாசித்தாயா? ஜெபம் அந்த வேலையை உனக்காகச் செய்து தராது.

முடிவு எடுத்த பின் அதை ஆண்டவரிடம் ஒப்புக்கொடு, உறுதி கேள், ஆனால் கேட்டுக்கொண்டே இராதே. இஞ்ஞாசியாரின் சொந்த நாட்குறிப்பில் ஒரு பகுதி தப்பிக் கிடைத்திருக்கிறது. சபையின் கோவில்களுக்கு நிலையான வருமானம் இருக்கலாமா என்ற ஒரே கேள்வியை அவர் 1544 பிப்ரவரி தொடங்கிச் சுமார் நாற்பது நாள் பூசையிலே வைத்து ஆராய்ந்தார். விடை முன்பே தெளிவாகியிருந்தும், இன்னும் ஓர் அடையாளம், இன்னும் ஒரு கண்ணீர் என்று தேடிக்கொண்டிருந்தவர், தாம் தேடியது நிச்சயத்தை அல்ல, தம் மனத்துக்குப் பிடித்த விதமாய்க் காரியம் முடிய வேண்டும் என்ற திருப்தியைத்தான் என்று இறுதியில் கண்டு எழுதினார். உன் மூன்றாவது சீட்டைப் பற்றி இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

போ என்றோ இரு என்றோ நான் சொல்லவில்லை என்று உனக்கு வருத்தமாயிருக்கும். அப்பியாசம் கொடுக்கிற குரு எந்தப் பக்கமும் சாயாமல், சிருஷ்டிகரும் சிருஷ்டியும் நேருக்கு நேர் பேசும்படி விட்டுவிட வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட விதி. நான் சொன்னால் அது நாலாவது சீட்டாகிவிடும்.

கேள்வி: ஆறு மாதமாய் ஜெபத்தில் உட்கார்ந்தால் நெஞ்சு வறண்டு கிடக்கிறது. எதிலும் பிடிப்பில்லை. வங்கி வேலையை ராஜினாமா செய்துவிட்டு எங்கேயாவது ஒரு சந்நியாச மடத்தில் போய் இருந்துவிடலாமா?
— ஒரு வங்கி ஊழியர், திருச்சிராப்பள்ளி

பதில்: இப்போது வேண்டாம். ஞான வறட்சியின் காலத்தில் முன் எடுத்த நல்ல தீர்மானம் எதையும் மாற்றலாகாது என்பது இஞ்ஞாசியாரின் விதிகளுள் மிகவும் பிரயோஜனமானது. மன்ரேசாவில் அவர் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது. பாவசங்கீர்த்தனத்தில் எதையோ விட்டுவிட்டோம் என்ற சந்தேகம் அவரை அங்கே அரித்தெடுத்து, ஜெபம் செய்யும் இடத்துக்கு அருகிலிருந்த பெரிய குழியொன்றில் விழுந்து உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரை கொண்டுபோயிற்று; ஒரு வாரம் அன்ன ஆகாரமின்றிக் கிடந்தவரை ஞானகுரு கட்டளையிட்டுச் சாப்பிட வைத்தார். இருளில் இருக்கையில் வேறு ஆலோசகன் பேசுகிறான் என்பதை அவர் அனுபவித்து எழுதினார். மாற்ற வேண்டியது வேலையை அல்ல. ஜெப நேரத்தைக் கால்மணி கூட்டும், குறைக்கத் தோன்றும்போதே கூட்டும். அசட்டையினால் வந்த வறட்சியா, சோதிக்கப்படுகிறீரா, அல்லது ஆறுதல் நம் சம்பாத்தியம் அல்ல என்று கற்பிக்கப்படுகிறீரா என்றும் பாரும். உறக்கமும் பசியும் குன்றிச் சாவைப் பற்றிய எண்ணம் வருமானால், இந்த வாரமே வைத்தியரிடம் போக வேண்டும். அதை வறட்சி என்ற பெயரால் மூடி வைப்பது பக்தியாகாது.

கேள்வி: எனக்கு விவாகமாகிப் பத்து வருஷம் ஆகிறது, இரண்டு குழந்தைகள். வாலிபத்தில் குருமடத்தில் சேர ஆசைப்பட்டேன், வீட்டார் தடுத்துவிட்டார்கள். தேவ அழைத்தலைத் தவறவிட்டேனோ என்று இரவெல்லாம் உறங்காமல் ஆராய்கிறேன்.
— ஒரு குடும்பஸ்தர், கும்பகோணம்

பதில்: ஆராய ஒன்றுமில்லை. விவாகத்தையும் குருப்பட்டத்தையும் மாற்றக்கூடாத தெரிவுகளின் வரிசையில் வைத்த இஞ்ஞாசியார், அவற்றைச் சரியான முறையில் தெரிந்துகொள்ளாதவனும் வேண்டுமானால் அதற்காக மனஸ்தாபப்பட்டு, அந்த அந்தஸ்திலேயே நன்றாய் வாழ முயலட்டும் என்று முடித்துவிட்டார். நான் கேட்க வேண்டியது வேறு. இந்த ராத்திரி விசாரணையைப் பற்றி உம்முடைய மனைவியிடம் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கிறீரா? சத்துரு இரகசியத்தையே விரும்புவான், ஒளித்து வைத்தது வெளிப்பட்டால் அவன் தோற்றான் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. குழந்தைகள் உறங்கிய பின் அவளிடம் சொல்லும். அதற்கப்புறமும் உறக்கம் வராவிட்டால், உமது பங்குக் குருவானவரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்புக்கு ஆள் வேண்டுமா என்று கேளும்.