சாவி யார் வீட்டில்?

பூந்தமல்லிக்கு மேற்கே எங்கள் கிராமம். 2006இல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் எங்களுக்கும் ஒரு நூலகம் கிடைத்தது. கட்டிடம் ஊருக்குள்ளே. சாவி ஊர்க்காரர் ஒருவர் வீட்டில். பேப்பர் படிக்கணும்னா சேரிப் பிள்ளைகள் நாங்கள் அந்த வாசலில் போய் நிற்கணும். "சாயந்திரம் வா" என்பார். எந்தச் சாயந்திரம்னு சொல்லமாட்டார்.

1948இல் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். அப்பாவும் கட்டினார். அந்தக் காசுக்கு மட்டும் தீட்டில்லை.

இப்போது சேரியில் இரவுப் பாடசாலைத் திண்ணையில் நாங்களே புத்தகம் அடுக்கியிருக்கிறோம். "தனியா வச்சா, ஒதுக்கி வச்சதை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?" என்றார் தோழர் ஒருவர். நியாயமான கேள்வி, ராத்திரி தூக்கம் வரல. பொதுக்குளங்கள் எல்லாருக்கும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923லேயே தீர்மானம் போட்டாச்சு. அம்பேத்கர் ஜனங்களோடு மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது 1927இல். அந்த நாலு வருசமும் ஜனங்க வேறெங்கோ தண்ணி குடிச்சுத்தானே இருந்தாங்க? அதனால் குளம் அவர்களுடையது இல்லையென்று ஆகிவிட்டதா? ஏழாவது படிக்கிற பிள்ளையை, உரிமை வரட்டும், அதுவரை படிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திண்ணைப் பிள்ளைகளோடு வாரம் ஒருநாள் அந்த வாசலுக்கும் போகிறோம். சாவி கேட்க இல்லை. திறக்கும் நேரத்தைப் பலகையில் எழுதச் சொல்லி. போன வாரம் பலகை மாட்டியிருக்கிறார்கள். நேரம் இன்னும் எழுதல.