பார்வையும் பொய்க்குரலும்

ஒன்றைக் காண விரும்புவது குற்றமாகுமா? ஆகாது. அறிவின் தொடக்கமே காட்சியன்றோ! ஆயினும் நம் ஆசைக்காகக் காணப்படும் உயிர் என்ன விலை கொடுக்கிறது என்று கேட்பார் அரியர். அதனை இங்கே கேட்போம்.

ஐக்கிய அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் எல்லையாக ஓடும் ரியோ கிராண்ட் ஆறு, டெக்ஸாஸ் மாகாணத்தின் தென்கோடியில் கடலை அடைகிறது. அதன் கீழ்ப்பள்ளத்தாக்கு குளிர் மிகக் குறைந்த நிலம். வடக்கின் பனிக்கு அஞ்சி வரும் பறவைகளும், மெக்ஸிகோவிலிருந்து அவ்வெல்லைக்கு அப்பால் அதிகம் செல்லாத பறவைகளும் அங்கே கூடுகின்றன. பச்சை உடலும் நீலத் தலையும் உடைய காக்கை இனப் பறவை ஒன்று. நம் தூக்கணாங்குருவியைப் போல் நீண்ட பைக் கூட்டைக் கிளையில் தொங்கவிடும் ஆல்டமிரா மஞ்சட்குருவி மற்றொன்று. ஆனால் அப்பள்ளத்தாக்கின் பழங்காட்டில் நூற்றுக்கு 95 பங்கு உழவுக்கும் ஊருக்குமாக அழிந்தது. எஞ்சியதைக் காக்க 1943-இல் ஏற்பட்ட சாந்தா அனா சரணாலயத்தின் பரப்பு 2,088 ஏக்கரே. அச்சிறு காட்டில் ஏறக்குறைய 400 வகைப் பறவைகள் காணப்பட்டுள்ளன.

அங்கே ஹார்லிங்கன் நகரில் 1994-இல் பறவை விழா ஒன்று தோன்றியது. அவ்விழாவில் வழிகாட்டிகள் விடியுமுன்னரே கூட்டங்கூட்டமாக மக்களை ஆற்றோரம் அழைத்துச் செல்வர். வந்தவரோ பணம் கட்டியவர்; கையில் பட்டியலும் உண்டு. தேடிய பறவை புதருக்குள் மறைந்திருந்தால் என் செய்வது? கருவியில் பதிந்த அதன் குரலை ஒலித்தால் போதும். வேற்று ஆண் பறவை தன் எல்லைக்குள் புகுந்ததென்று எண்ணி, இரையையும் கூட்டையும் விட்டு அது வெளியே பாயும். பட்டியலில் ஒரு கோடு விழும்.

வேடர் பிற பறவைகளைப் பிடிப்பதற்காகப் பழக்கி வைக்கும் பறவைக்குப் 'பார்வை' என்று பெயர் வைத்தனர் நம் முன்னோர். காணும் செயலுக்கும் ஏமாற்றும் கருவிக்கும் ஒரே சொல் அமைந்தது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

"ஒரு நிமிஷப் பொய்யால் என்ன கேடு? வருவோர் தரும் பணத்தாலன்றோ காடு காக்கப்படுகிறது" என்பர் சிலர். காட்சிக்கு வருவோரால் காட்டுக்கு மதிப்புண்டாவது உண்மையே. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் அவ்வொரு நிமிஷம் நம்முடைய கணக்கு. பின்னால் வரும் கூட்டமும் ஒரு நிமிஷமே எடுக்கும்; அதற்குப் பின் வருவதும் அவ்வாறே. பறவைக்கோ அது நாள் முழுவதும் நீளும் துன்பம். தனித்தனியே சிறியதாகத் தோன்றும் தீமை, தாங்குகிறவன் ஒருவனேயானால் பெரிதாகிவிடுகிறது. ஆதலால்தான் அமெரிக்கப் பறவை நோக்குவோர் சங்கத்தின் ஒழுக்க விதிகள், ஒலிப்பதிவைப் பயன்படுத்துவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டுமென வற்புறுத்துகின்றன.

இதனை எழுதும் நாம் குற்றமற்றவர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன், நாம் கிராணியாயிருக்கும் தோட்டத்துக்கு விருந்தினர் சிலர் வந்தனர். ஆட்கள் ஒன்றாய் நிற்பதைக் காண வேண்டுமென்றனர். நாம் வேளையல்லா வேளையில் பெரட்டு மணியை அடிக்கச் செய்தோம். லயங்களிலிருந்து ஆணும் பெண்ணும் சோற்றை வைத்துவிட்டு ஓடி வந்தனர். எவருக்கு என்ன நேர்ந்ததோ என்ற அச்சம் அவர்கள் முகத்தில் இருந்தது. விருந்தினர் படம் எடுத்துக்கொண்டு மகிழ்ந்து சென்றனர். ஒரு கிழவி மட்டும் எம்மைப் பார்த்து, "இதுக்குத்தானா ஐயா மணியடிச்சீங்க?" என்று கேட்டாள். எம்மிடம் விடையில்லை. பொய்க்குரல் எழுப்புவதற்குக் கருவி வேண்டியதில்லை. நம்பியிருக்கும் உயிர் ஒன்று இருந்தால் போதும்.

வழிகாட்டியும் கிராணியும் நடுவில் நிற்பவர்கள். கேட்பவன் ஒருபுறம், கேட்க வாயற்றது அல்லது வாய் திறக்க அஞ்சுவது மறுபுறம். கூலி தருபவனிடம் "இதனை யான் செய்யேன், காத்திருப்போம், வந்தால் காண்போம்" என்று சொல்லும் வழிகாட்டியே அறிவு புகட்டுகிறான். பறவை வராமற்போனால், அதன் வாழ்வு நம் பட்டியலுக்காக ஏற்பட்டதன்று என்ற பாடமாவது வந்தவருக்குக் கிட்டும்.

அன்பர்களே! காணும் உரிமை நமக்குண்டு. கலைக்கும் உரிமை இல்லை. அடுத்த முறை நம் கை மணிக்கயிற்றை நாடும்போது, அம்மணி யாருக்காக ஒலிக்கிறதென்று ஒரு கணம் நின்று கேட்போமாக.