துண்டில் எழுதிய கடன்

இலங்கையின் கண்டிச்சீமைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இந்தத் தொழிலாளியின் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுப்பது அது. புதிய துரை பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடனும் ஆளோடு கூடவே போகும். 1921-இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை வட்டாரம் குளத்தையும் மழையையும் நம்பிய பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் புதுக்கோட்டை, திருச்சி, மதுரைச் சீமைகளின் ஏழைக் குடும்பங்கள், தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு கடல் தாண்டின. அந்த முன்பணம்தான் துண்டில் ஏறிய முதல் வரி. அவர்கள் வெட்டித் திருத்திய மலைகளில் எழுந்த காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு உரிமையாளர்களாக இருந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர் பலர். கிளாஸ்கோவில் மளிகைக் கடை நடத்திய தாமஸ் லிப்டன் 1890-இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கினார்.

கூலிகளைக் கடல் கடத்தும் ஏற்பாட்டில் இன்னொரு ஸ்காட்லாந்து வணிகருக்கும் பெரிய பங்குண்டு. ஜான் கிளாட்ஸ்டனுக்குக் கரீபியப் பகுதியில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தபோது, 2,508 அடிமைகளை இழந்ததற்கு ஈடாக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றார். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 1836-இல் அவர் கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி இந்தியக் கூலிகளைக் கேட்டார். 1838-இல் முதல் கப்பல்கள் கயானா சேர்ந்தன. 2023 ஆகஸ்டில் அவருடைய வழித்தோன்றல்கள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

தாத்தா செய்ததற்குப் பேரன் பொறுப்பா? அன்று அது சட்டப்படி சரியாக இருந்ததே? இரண்டும் நேர்மையான கேள்விகள்தான். ஆனால் அப்பன் நிலத்தை வாங்கிக்கொள்கிறவன் அப்பன் கடனைத் தட்டிக்கழித்தால் எந்தக் கிராமத்துப் பஞ்சாயத்தும் ஒத்துக்கொள்ளாது. பாவம் பேரனைச் சேராமல் போகலாம்; சொத்து சேர்ந்தால் கடனும் சேரும். அடிமை முதலாளிகளுக்கு ஈடு கொடுக்க பிரிட்டன் அரசு வாங்கிய கடன் 2015-இல்தான் முழுதாக அடைந்தது. அந்தக் கடன் 180 ஆண்டு காலாவதியாகவில்லை என்றால், உழைத்தவர்களுக்கான கடன் மட்டும் எப்படிக் காலாவதியாகும்?

இந்தக் கணக்கு ஸ்காட்லாந்தோடு முடிவதில்லை என்பதுதான் நமக்குக் கசப்பானது. ஆள் பிடித்தவர்கள் நம்மவர்கள். தன் ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் கங்காணி தலைக்காசு வாங்கினார். சில்லறைக் கங்காணிகளில் பலர் கூலிகளோடு கூலிகளாகவே நொடித்துப்போனார்கள். பெரிய கங்காணிகளில் சிலர் நிலமும் வீடும் வாங்கினார்கள். ஊரில் பண்ணையாளாக வைத்துக் கூலியைக் குறைத்தவர்கள் இல்லாவிட்டால் அத்தனை பேர் கப்பல் ஏறியிருக்கவும் மாட்டார்கள்.

1948-இல் இலங்கை அந்த மலைத்தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. மலையில் தங்கியவர்களில் பலருக்கு, தலைமுறைகளாக வாழும் லயத்து (தோட்டத்து வரிசைக் குடியிருப்பு) அறை இன்னும் சொந்தமில்லை.

மன்னிப்பு முதல் தவணை மட்டுமே. லயத்து மக்களின் கையில் நிலப்பத்திரம் வரும்வரை கடன் அடையாது. அதில் தலைக்காசில் வாங்கிய நிலங்களின் பங்கும் இருக்கிறது.