ஏவுதலும் இறக்குதலும்

பொழுதுபோக்கு என்னும் சொல் பொறுப்பற்ற செயலொன்றைச் சுட்டுவதாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. ஊதியமோ கட்டாயமோ இன்றி, விருப்பம் ஒன்றையே காரணமாகக் கொண்டு செய்யப்படும் முயற்சிக்கு அறவியல் நோக்கில் கணக்குக் கேட்பது பொருத்தமன்று எனக் கருதுவோர் பலர். பூந்தோட்டம் வளர்ப்பவனையும் முத்திரை சேகரிப்பவனையும் பொறுத்தவரை இக்கருத்து ஓரளவு ஏற்கத்தக்கதே. ஆயின் ஒருவன் தன் வீட்டுக் கொட்டிலிலே ஆளுயர ரொக்கெட் ஒன்றைக் கட்டி, அதனைப் பல்லாயிரம் அடி உயரத்துக்கு ஏவுவானாயின் அவ்விருப்பம் அவனோடு மாத்திரம் முடிந்துவிடுவதில்லை. ஏறிய பொருள் எங்கேனும் இறங்கியே தீரும். அது எங்கே, எவ்வாறு, யார்மீது இறங்கும் என்னும் வினாவிற்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவன் யார் என்பதே இங்கு ஆராயப்படுவது.

இப்பொழுதுபோக்கு அமெரிக்காவில் ஒழுங்கான ஒரு துறையாகவே வளர்ந்துள்ளது. மொத்தக் கணத்தாக்கு 160 நியூற்றன் செக்கனை விஞ்சும் இயந்திரத்தைக் கொண்டவை அங்கு உயர்வலு ரொக்கெட்டுகள் எனப்படும். அவற்றின் உடல் தடித்த கடதாசிக் குழாயினாலோ கண்ணாடியிழையினாலோ ஆனது. வாற்சிறகுகள் ஒட்டுப்பலகையில் வெட்டப்பட்டுப் பசையினாற் பொருத்தப்படுவதுண்டு. அமோனியம் பேர்குளோரேற்றையும் அலுமினியத் தூளையும் இறப்பர் போன்ற பிணைபொருளொன்றிற் கலந்து இறுகச் செய்த திண்மமே பெரும்பாலும் எரிபொருளாகும். ரொக்கெட்டின் ஈர்வை மையம் அமுக்க மையத்துக்கு முன்னால், குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவேனும் தள்ளி அமைதல் வேண்டும். இன்றேல் அது நேரே ஏறாது புரளும். பல வாரங்கள் உழைத்துச் செய்யப்படும் இப்பொருளின் எரிதலோ சில செக்கன்களில் முடிந்துவிடும். எனினும் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குதல் இயலாது. 2004 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி நெவாடா மாநிலத்தின் பிளக் றொக் பாலைவனத்திலிருந்து ஆர்வலர் குழுவொன்று ஏவிய ரொக்கெட், விண்வெளியின் எல்லையாகக் கொள்ளப்படும் 100 கிலோமீற்றர் உயரத்தையும் கடந்து சென்றது.

இத்துணை வலுவை விருப்பத்தின் பொருட்டு மாத்திரம் கையாள்வோனை ‘ஆர்வலன்’ என்கின்றோம். பழந்தமிழ் வழக்கில் ஆர்வலர் என்பது அன்புடையாரைக் குறித்து நின்ற சொல்லாகும். அன்பின் காரணமாகச் செய்யப்படுவது குற்றமற்றதாகவே இருக்கும் என்ற எண்ணம் எளிதில் எழக்கூடியது. அவ்வெண்ணத்தின் வலிமையைச் சோதிப்பதற்கு ஜேர்மனிய ஆர்வலர்களின் வரலாற்றிலும் தக்க உரைகல் பிறிதில்லை.

1927 இல் பிரெஸ்லாவு நகரிலே விண்பயணக் கழகம் ஒன்று தோன்றியது. சந்திரனுக்குச் செல்லும் வழியை எண்ணிக் கனவு கண்ட இளைஞரும் எழுத்தாளரும் பொறியியலாளரும் அதன் உறுப்பினர். 1930 இல் அவர்களுட் சிலர் பேர்லின் நகரின் ஓரத்திலே கைவிடப்பட்ட வெடிமருந்துக் களஞ்சிய நிலமொன்றைப் பெற்று, அதற்கு ‘ரொக்கெட் பறப்புத் திடல்’ எனப் பெயரிட்டனர். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அக்காலத்தில், வேலையிழந்த தொழிலாளர் பலர் அங்கு ஊதியமின்றி உழைத்தனர். பெற்றோலையும் திரவ ஒட்சிசனையும் எரித்துப் பறந்த அச்சிறு ரொக்கெட்டுகளில் யாரையும் கொல்லும் நோக்கம் இருந்ததில்லை. பதினெட்டு வயது மாணவரான வேர்னர் பொன் பிறவுணும் அங்கு வந்து சேர்ந்தார்.

இராணுவமும் அத்திடலை நோக்கிக் கொண்டிருந்தது. 1919 ஆம் ஆண்டின் வேர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியின் கனரகப் பீரங்கிகளைக் கட்டுப்படுத்தியதே அன்றி ரொக்கெட்டைப் பற்றி ஏதும் கூறவில்லை. 1932 இல் இராணுவத்தினர் முன்னிலையில் ஆர்வலர்கள் நிகழ்த்திய செய்முறை சிறப்பாக அமையவில்லை. ஆயினும் அவ்வாண்டின் இறுதியிலே பொன் பிறவுண் இராணுவத்தின் பணியில் அமர்ந்தார். பத்தாண்டுகளின் பின், 1942 ஒக்டோபர் 3 ஆம் திகதி, வி-2 ரொக்கெட் முதன்முறையாக வெற்றியுடன் பறந்தது. 1944 செப்ரெம்பர் முதல் அது இலண்டனிலும் அன்ற்வேப்பிலும் வீழ்ந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 16 ஆம் திகதி அன்ற்வேப்பின் திரையரங்கொன்றில் வீழ்ந்த ஒரே ரொக்கெட் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதனைச் செய்வதற்கென நிலக்கீழ்ச் சுரங்கத்தில் அடிமைகளாக உழைப்பிக்கப்பட்ட டோரா முகாமின் கைதிகளில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அந்த ரொக்கெட் வீழ்ந்து இறந்தோரிலும் அதனை ஆக்கும் பணியில் இறந்தோரே அதிகம் என வரலாற்றாசிரியர் கூறுவர்.

இதற்கு மறுமொழியாக மூன்று நியாயங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, கருவி நன்மை தீமை அறியாதது. பயன்படுத்துவோனே குற்றவாளி என்பது. கத்தியைப் பொறுத்தவரை இது பொருந்தலாம். ஆனால் ஒரு தொன் வெடிமருந்தைத் தொலைவிலுள்ள நகரொன்றின்மீது கொண்டுசென்று வீழ்த்துவதற்கென்றே அளவும் வழிப்படுத்தும் கருவியும் கணிக்கப்பட்ட ஒன்றை வெறுங்கருவி எனல் எங்ஙனம்? அங்கே நோக்கம் பொருளின் உள்ளேயே வரையப்பட்டுள்ளது.

இரண்டாவது நியாயம், செய்வோனின் உள்ளம் சந்திரனையே நாடியது என்பது. இதனை வெறும் பொய்யெனத் தள்ளுவதற்கில்லை. 1944 மார்ச் மாதம் பொன் பிறவுணும் கிளவுஸ் றீடல் முதலான தோழரும் இரகசியப் பொலிசாராற் கைது செய்யப்பட்டனர். ஆயுதத்திலும் விண்பயணத்திலேயே அவர்கள் மனம் நாட்டங் கொண்டிருந்தது என்பதும் அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. ஆகவே கனவு உண்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆயின் அக்கனவு சுரங்கத்திலிருந்த கைதி ஒருவனின் உயிரைக்கூடக் காக்கவில்லை. உள்ளத்தின் நோக்கம் தூயதாயிருத்தல், கைகள் செய்த தொழிலுக்கு ஈடாகாது. அன்பு தான் விரும்பும் பொருளை அன்றி வேறெதனையும் காண மறுக்குமிடத்து அது ஒருவகைக் குருடாகிவிடுகின்றது.

மூன்றாவது, வேறு வழி இருக்கவில்லை என்பது. அதே கழகத்தில் முன்னின்று உழைத்தவர் வில்லி லே. ரொக்கெட்டின்மீது அவர் கொண்ட ஆர்வம் எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் நாஸி ஆட்சியை விரும்பாத அவர் 1935 இல் நாட்டை விட்டு நீங்கி அமெரிக்கா சென்று, விண்பயணம் பற்றி எழுதுவதிலே தம் வாழ்நாளைக் கழித்தார். பொன் பிறவுணின் தலைமையில் உருவான ரொக்கெட் 1969 யூலையில் மனிதரைச் சந்திரனுக்கு அனுப்புவதற்கு ஒரு மாதத்துக்குள் முன்னதாக, யூன் 24 ஆம் திகதி, லே காலமானார். தாம் விரும்பியதைச் செய்துகாட்டும் பேறு ஒருவருக்குக் கிட்டிற்று. மற்றவருக்கோ அதனைக் கண்ணாற் காணும் பேறும் கிட்டவில்லை. அறம் பெரும்பாலும் இத்தகைய இழப்பினையே விலையாகக் கேட்கின்றது. எல்லோரும் நாட்டை விட்டு நீங்கியிருத்தல் கூடுமோ என்பது வேறு வினா. ஆனால் விலகும் வழி ஒன்று இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அவ்வாறாயின் இவ்வார்வத்தை முற்றாகத் தடைசெய்வதே தக்கது எனச் சிலர் வாதிடலாம். 1957 ஒக்டோபரில் ஸ்புட்னிக் விண்ணேறியதை அடுத்து அமெரிக்க இளைஞர் பலர் தாமே இரசாயனங்களைக் கலந்து குழாய்களில் அடைத்து ஏவ முற்பட்டுக் காயமுற்றனர். இதற்குத் தீர்வு தடையின் வழியாக வரவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்திலே சப்பாத்துக்கடை நடத்திய ஓவில் கார்லைல் 1954 இலேயே, முன்னரே ஆயத்தஞ் செய்த சிறு இயந்திரத்தை மாற்றி மாற்றிப் பொருத்தத்தக்க ரொக்கெட்டை அமைத்திருந்தார். ஹரி ஸ்ரைன் என்பவர் அதற்கேற்ற பாதுகாப்பு விதிகளை வகுத்துப் பரப்பினார். அவ்விதிகளின் வழிவந்தனவே உயர்வலு ரொக்கெட்டுக்குரிய இன்றைய ஒழுங்குகள்.

அவ்வொழுங்குகளை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஆர்வலனுக்குத் தகுதிச் சான்று மூன்று படிகளில் வழங்கப்படுகின்றது. எப்படியிலும் எவ்வளவு உயரம் சென்றது என்பது வினாவன்று. ரொக்கெட் பரசூட்டின் உதவியுடன், மீண்டும் பறக்கத்தக்க நிலையில் இறங்கியதா என்பதே வினா. மேகத்தைத் தொடும் அளவுக்கு அழகாக ஏறினும் பரசூட் விரியாது தரையில் மோதினால் அவன் தேறியவனல்லன். மூன்றாம் படியை நாடுவோன் கட்டத் தொடங்குமுன்னரே தன் வரைபடத்தை அனுபவமுடைய இருவருக்குக் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். பரசூட்டை வெளியேற்றும் மின்கருவி ஒன்று பழுதுறின் மற்றொன்று இயங்குமாறு இரட்டையாக அமைத்தல் வேண்டும். வெடிபொருளைச் சுமையாக ஏற்றலாகாது. எந்த இலக்கை நோக்கியும் ஏவலாகாது.

இவை விபத்தைத் தவிர்க்கும் தொழில்நுட்ப விதிகளே அன்றி அறமல்ல எனக் கூறின், அது மேலோட்டமான பார்வையாகும். தன் ஆக்கத்தைப் பிறர் பரிசோதனைக்கு உட்படுத்துவதும், தன் கணிப்புத் தவறக்கூடும் என முன்கூட்டியே ஏற்பதும், இலக்கை வேண்டாமென விலக்குவதும் அறவியல் சார்ந்த செயல்களேயாம். சட்டம் இவ்விடத்தை நிரப்ப இயலாது. மேற்குறித்த எரிபொருளை வெடிபொருளென அரசுத் திணைக்களம் வகைப்படுத்தியதை எதிர்த்து 2000 இல் ஆர்வலர் சங்கங்கள் தொடுத்த வழக்கு 2009 இல் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. எனினும் நீதிமன்று ஆராய்ந்தது எரிபொருளின் தன்மையையே. ஆர்வலரின் மனச்சான்றை அன்று. சட்டம் விலகிய இடத்தில் தன்னைத் தானே கட்டுப்படுத்தும் கடமை மேலும் கூடுகின்றதே அன்றிக் குறைவதில்லை.

ஒருவன் கண்ட அறிவை இன்னொருவன் தீய வழியிற் பயன்படுத்தமாட்டான் என எவரும் உறுதி கூறல் இயலாது. அவ்வுறுதியைக் கேட்பது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டதைக் கேட்பதாகும். கேட்கத்தக்கவை இரண்டு: தன் கையினின்று புறப்பட்டதை இறுதிவரை பின்தொடர்தல்; நிறுத்த வேண்டிய வேளையில் நிறுத்துதல். ஆர்வலனுக்குரிய உண்மையான சுதந்திரமும் இதுவே. காற்று மிகுந்தால் அவன் பல மாத உழைப்பை ஏவாது வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பலாம். அவனை ஏவுமாறு கட்டளையிடும் அதிகாரி எவரும் இல்லை. இச்சுதந்திரத்தைப் பணத்துக்கோ வசதிக்கோ விற்றவன், எத்துணை ஆர்வம் எஞ்சியிருப்பினும், ஆர்வலனாக நிலைப்பதில்லை.

பாலைநிலத்துத் திடலிலே ரொக்கெட்டை ஏவியவன் கடைசியாகச் செய்யும் செயல், அது விழுந்த இடத்துக்கு நடந்து சென்று தன் கையாலேயே எடுத்து வருவதாகும். வி-2 ரொக்கெட்டை ஆக்கியோர் அவ்வாறு நடந்து சென்றதில்லை. திரும்பி வரவேண்டாத ஒன்றாகவே அது வரையப்பட்டிருந்தது.